தேரடித் தெருவில் கருப்பு கலர்

எனக்குக் கல்யாணமாகி சோடா கம்பெனி வீட்டுக்குள் வந்தபோது, கையில் அரசியல் அறிவியலில் ஒரு பி.ஏ. பட்டம் இருந்தது. திருவண்ணாமலைத் தேரடித் தெருவில் முன்பக்கம் கடை, பின்பக்கம் சோடா மிஷின், மாடியில் நாங்கள். கம்பெனியை நடத்தியவர் என் கணவரின் அக்கா. நானும் அவரை அக்கா என்றே கூப்பிட்டேன். கல்யாணமே வேண்டாம் என்று சொல்லிவிட்டு மிஷினைப் பிடித்துக்கொண்டவர். உரத்த குரல், அதைவிட உரத்த சிரிப்பு.

நெருக்கடி நிலை முடிந்து தில்லியில் புது ஆட்சி வந்திருந்த சமயம். ஊரில் பெரிய கடைகளில் எல்லாம் ஒரு வெளிநாட்டுக் கம்பெனியின் கருப்புக் குளிர்பானம் ஐஸ் பெட்டிக்குள் கம்பீரமாக நிற்கும். எங்கள் கோலி சோடா கீழே ஈரச் சாக்குக்குள் கிடக்கும். அதைப் பார்த்தாலே அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு நாள் காலை ரேடியோவில் செய்தி வந்தது. பங்கையும் தயாரிப்பு ரகசியத்தையும் இந்தியர்களிடம் கொடுக்கச் சொன்னதாம் அரசாங்கம். முடியாது என்று அந்தக் கம்பெனி நாட்டை விட்டே கிளம்புகிறதாம்.

நான் ஓடிப்போய்ச் சொன்னதும் அக்கா மிஷின் சக்கரத்தை அப்படியே விட்டுவிட்டார்.

"இன்னாமா, நெசமாவா? போன்னு சொன்னா போயிட்டானா?"

"போறாங்கக்கா. அதுக்குப் பேருதான் இறையாண்மை. நம்ம எல்லைக்குள்ள நம்ம அரசாங்கத்துக்கு மேல யாரும் கெடையாது." பரீட்சையில் எழுதி நல்ல மார்க் வாங்கிய பதில் அது.

"அப்போ இனிமே கருப்பு கலரும் நாமதான் போடறோம்," என்றார் அக்கா. இனிப்பு சோடாவுக்கு எங்கள் பக்கத்தில் கலர் என்றுதான் பெயர்.

சொன்னது சுலபம். சர்க்கரையைக் கருக்கிப் போட்டதில் தீய்ந்த வாடை அடித்தது. நன்னாரியும் சுக்கும் சேர்த்ததில் கஷாயம் வந்தது. என் கணவர் மட்டும், "பரவால்லக்கா, ஜலதோஷத்துக்கு ஆவும்," என்று முழு பாட்டிலையும் குடித்து முடித்தார். கடைசியில் அக்கா மெட்ராஸ் பஸ் ஏறினார். பாரிமுனையில் ஒரு வியாபாரியிடமிருந்து எசன்ஸ் டப்பா ஒன்றை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். கலக்கி, கேஸ் ஏற்றி, ஆளுக்கு ஒரு மடக்கு குடித்தோம். மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தோம்.

'நம்ம நாட்டு கருப்பு கலர்' என்று பச்சை எழுத்தில் பலகை மாட்டினார் அக்கா. அந்த வருடக் கார்த்திகை தீபத்துக்கு வந்த கூட்டம் மத்தியானத்துக்குள் எல்லாவற்றையும் குடித்துத் தீர்த்தது. மலை உச்சியில் தீபம் ஏறியபோது நாங்கள் சக்கரம் சுற்றி வலிக்கிற கையைத் தூக்கிக் கும்பிட்டோம்.

தீபம் முடிந்து ஒரு வாரம் இருக்கும். ஆசிரமத்துப் பக்கம் தங்கியிருந்த ஒரு ஜெர்மன்காரப் பெண்மணி கடைக்கு வந்தார். பால்காரம்மாவிடம் தமிழ் கற்றவர். ஒரு கலர் குடித்தார். இன்னொன்று கேட்டார். எப்படிச் செய்கிறீர்கள், பார்க்கலாமா என்றார். அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை. பின்பக்கம் அழைத்துப் போய் மிஷினைக் காட்டினார், எசன்ஸ் கலக்கும் மேஜையையும் காட்டினார்.

அந்தம்மா எசன்ஸ் டப்பாவைக் கையில் எடுத்துத் திருப்பினார். வியாபாரி ஒட்டியிருந்த காகிதம் ஈரத்தில் ஓரம் கிளம்பியிருந்தது. அதை நகத்தால் உரித்தார். அடியில் வேற்று பாஷையில் அச்செழுத்து.

"ஐயோ! இது எங்க ஊரு! எங்கப்பா இந்தக் கம்பெனியிலதான் வேலை!" என்று கத்தினார்.

அக்காவின் முகம் சுருங்கிவிட்டது. என்னிடம் திரும்பினார்.

"ஏம்மா, இவங்க தங்கறதுக்கு வேலூரு போயி போலீஸ் ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டுட்டு வராங்க. இந்த டப்பா எந்த ஆபீஸ்ல போட்டுச்சு?"

"அதுக்கும் தில்லியில லைசென்ஸ் குடுத்துத்தான் உள்ள விட்டிருப்பாங்கக்கா."

"ஒருத்தனை வெளிய போன்னு சொல்லிட்டு, இன்னொருத்தனை வான்னு சொன்னாங்களா?"

"ரெண்டும் சொல்ல முடியறதுதான் இறையாண்மை..." என்று இழுத்தேன். போகச் சொன்னதும் நிஜம். டப்பா எங்கள் மேஜை மேல் உட்கார்ந்திருந்ததும் நிஜம்.

அக்கா டப்பாவைப் பார்த்தார், அந்தம்மாவைப் பார்த்தார். பிறகு தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு சிரிப்பு சிரித்தார். "தண்ணி நம்ம தண்ணி, சக்கரை நம்ம சக்கரை, சுத்தன கை என் கை. வாசனை மட்டும் உங்கப்பாது. அப்போ நீ எனக்கு சொந்தம் ஆயிட்டியே!" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அன்றிலிருந்து அந்தம்மா தினம் சாயங்காலம் வந்துவிடுவார்.

அடுத்த குளிர்காலத்தில் அவருடைய அப்பாவே மகளைப் பார்க்கத் திருவண்ணாமலைக்கு வந்தார். ஓய்வு பெற்றுவிட்ட நெட்டையான மனிதர். அவருக்குத் தமிழ் தெரியாது, அக்காவுக்குத் தமிழ் தவிர எதுவும் தெரியாது. மகளையும் என்னையும் ஓரமாக உட்கார வைத்துவிட்டு இருவரும் மிஷினடியில் நின்றார்கள். அவர் கருப்பு கலரை வாயில் வைத்துக் கண்ணை மூடினார். இல்லை என்று தலையாட்டினார். சுற்றுமுற்றும் தேடி, தட்டிலிருந்த எலுமிச்சம்பழத்தை எடுத்து அரை மூடி பிழிந்தார், ஒரு சிட்டிகை உப்பும் போட்டார். அக்கா ஒரு மடக்கு குடித்தார்.

"யோவ், தொழில் தெரிஞ்ச ஆளுய்யா நீ!" என்றார்.

மகள் அதை மொழிபெயர்க்கத் தொடங்குவதற்குள் அவருக்குப் புரிந்துவிட்டது. சட்டைக் கையை மடித்துவிட்டு மிஷின் சக்கரத்தின் கைப்பிடியைப் பிடித்தார். அக்கா பாட்டிலை மாட்டினார். அன்று சாயங்காலம் வரை அவர் சுற்றிக்கொண்டே இருந்தார். வாசலில் நின்ற கூட்டம், பாட்டில் கோலி டப்பென்று ஏறி அடைக்கும்போதெல்லாம் கை தட்டிக்கொண்டே இருந்தது.