ஒரே லைனில் இரண்டு வீடு

எங்கள் வீட்டுக்கு இன்டர்நெட் வந்த கதையைச் சொன்னால் இப்போதுள்ள பிள்ளைகள் சிரிப்பார்கள். வந்தது என்று சொல்வதே தப்பு. வரும், எட்டிப் பார்க்கும், போய்விடும். தொண்ணூறுகளின் கடைசி அது. ராஜபாளையத்தில் எங்கள் தெருவிலேயே வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருந்தது நாங்கள் மட்டும்தான். ஆசைப்பட்டு வாங்கிய பொருள் இல்லை அது. மகளுக்காக வாங்கியது.

மகளுக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. உதட்டைப் பார்த்தே நாம் சொல்வதைப் பிடித்துக்கொள்வாள். பழக்கிப் பழக்கி வாய்ப்பேச்சும் வந்துவிட்டது, ஆனால் வீட்டு ஆட்களுக்குத்தான் அது முழுசாகப் புரியும். படம் வரைந்தால் பார்த்துக்கொண்டே இருக்கலாம். புனேயில் ஒரு கல்லூரியில் டிசைன் படிக்க இடம் கிடைத்ததும் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு வந்தோம். வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. வீட்டில் போன் இருக்கிறது, மூலைக்கு மூலை எஸ்.டி.டி. பூத் இருக்கிறது, ஆனால் என் பிள்ளையோடு மட்டும் எனக்குப் பேச வழி இல்லை. கடுதாசி போய்ச் சேர்வதற்குள் அவளுக்குக் காய்ச்சல் வந்து போயிருக்கும்.

நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். தினமும் பஸ்ஸில் போய்வருகிறவள். அங்கே பஸ் ஸ்டாண்டு பக்கம் புதிதாக ஒரு பிரௌசிங் சென்டர் திறந்திருந்தார்கள். பள்ளி விட்டதும் நேரே அங்கே போவேன். கிருஷ்ணன்கோவில் காலேஜ் பையன்கள் கூட்டம் அலைமோதும். கடைக்காரர் மட்டும், "டீச்சருக்கு எந்திரிச்சு எடம் விடுங்கப்பா, அவிய மகட்டப் பேசணும்" என்று ஒரு நாற்காலியைக் காலி செய்து கொடுத்துவிடுவார். ஈமெயில் திறக்கவும், ஆங்கில எழுத்தில் தமிழை அடிக்கவும் சொல்லிக் கொடுத்தவரும் அவர்தான். அவர் குடும்பம் நன்றாக இருக்கட்டும்.

அங்கே உட்கார்ந்துதான் அந்த மெயிலைப் படித்தேன். "அம்மா, நான் பேசினால் இங்கே சிரிக்கிறார்கள். வாயைத் திறப்பதையே விட்டுவிட்டேன். எனக்கு யாரும் இல்லை. வந்து கூட்டிக்கொண்டு போங்கள்." பையன்கள் பக்கத்தில் கெக்கலி கொட்டிக்கொண்டிருந்தார்கள். நான் முந்தானையால் மூக்கைச் சிந்திக்கொண்டேன். தினமும் செத்த நேரம் அவளோடு எழுத்தில் பேச முடிந்தால் அவளை அங்கே நிறுத்திவிடலாம் என்று மனசு அடித்துச் சொன்னது. முடியாவிட்டால் பிள்ளை படிப்பை விட்டுவிட்டு வந்துவிடுவாள். ஆனால் அவள் பிரௌசிங் சென்டருக்கு வருவது சாயங்காலம் ஆறரைக்கு மேல். அந்த நேரத்தில் நான் ராஜபாளையத்தில் உலை வைத்துக்கொண்டிருப்பேன். வீட்டிலேயே இன்டர்நெட் வேண்டும் என்று முடிவு செய்தது அதனால்தான்.

இங்கே என் அத்தானைப் பற்றிச் சொல்ல வேண்டும். கணவரின் அண்ணன். பக்கத்து வீடுதான். ஒரே வீடாக இருந்ததை நடுவே சுவர் வைத்துப் பிரித்தது. அண்டா குண்டா, கட்டில், பீரோ எல்லாவற்றையும் பங்கு வைத்தார்கள், போனை மட்டும் பங்கு வைக்க முடியவில்லை. ஒரு கனெக்‌ஷனுக்கு வருஷக்கணக்கில் காத்துக் கிடந்த காலத்தில் வாங்கிய போன், யாருக்கு விட்டுக்கொடுக்க மனசு வரும்? அதனால் ஒரே நம்பரில் இரண்டு வீட்டிலும் ஒவ்வொரு கருவி, பேரலல் லைன். இங்கே எடுத்தால் அங்கே கேட்கும்.

அத்தான் பின்கட்டில் பேண்டேஜ் துணித் தறி போட்டிருந்தார். எங்கள் குடும்பத்தில் கணவரின் அண்ணனோடு தம்பி மனைவிக்கு நேர்ப்பேச்சு கிடையாது. அது பகை இல்லை, மரியாதை. அவர் வந்தால் நான் எழுந்து உள்ளே போய்விடுவேன். அவர் மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன், சொல்ல வேண்டியதை அவள் மூலமாகச் சொல்லிக்கொள்வோம். ஆனால் என் மகள் என்றால் அவருக்கு உயிர். அவள் உதடு பார்த்துப் பேச்சுப் பழகிய வயதில், மீசை மறைக்கிறது என்று சிணுங்கினாள். மறுநாளே அந்த அரிவாள் மீசையை மழித்துவிட்டு வந்து நின்றார். "என்ன முதலாளி, மீசையத் தறியில குடுத்திட்டியளா?" என்று ஊரே கேலி பண்ணியது. மனுஷன் அசையவில்லை.

அவளைப் புனேக்கு அனுப்பியதில்தான் அவருக்குக் கோபம். "காது கேக்காத புள்ளைய அம்புட்டுத் தூரம் அனுப்பிட்டு இங்க சோறு எறங்குமா அவுகளுக்கு?" என்று அக்காவிடம் சத்தம் போட்டது சுவரைத் தாண்டி என் காதில் விழுந்தது. அதோடு எங்கள் வீட்டுப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டார். தம்பியோடும் பேச்சு இல்லை. எனக்கும் வீம்பு. என் பிள்ளையை எங்கே படிக்க வைப்பது என்று எனக்குத் தெரியாதா?

கம்ப்யூட்டரை மதுரையிலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தோம். கணவர் மானிட்டரைக் கட்டிப் பிடித்துக்கொண்டார், நான் மற்றதை. இன்டர்நெட் கணக்குக்கு மறுபடியும் மதுரைக்கு ஒரு நடை. அங்கே போனால் ஆள் லீவு. அடுத்த நடையில் பாஸ்வேர்டு கொடுத்தார்கள், வீட்டுக்கு வந்து அடித்தால் தப்பு என்றது. இன்னொரு நடை. "ஏங்க, இதுக்கு நேரா புனேக்கே போயி அவளப் பாத்திட்டு வந்திருக்கலாம்" என்றேன். கணவர் மோடத்தைத் துடைக்கப் போய்விட்டார். நல்லவேளை, பதில் சொல்லியிருந்தால் சண்டையாகியிருக்கும்.

ஒரு வழியாக எல்லாம் சரியாகி, மோடத்தைப் போன் லைனில் மாட்டினோம். டயல் போட்டால் ஒரு அலறல் அலறும் பாருங்கள். கீச்சென்று கத்தி, கொர்ரென்று இரைந்து, மூச்சு வாங்கி, ஆளே போய்விட்டது என்று நினைக்கும்போது விளக்கு எரியும். முதல் நாள் விளக்கு எரிந்ததும் நான் சாமி கும்பிட்டேன். அந்தப் பக்கம் மகள் காத்திருந்தாள். "அம்மா" என்று வந்தது. "சாப்பிட்டியா" என்று அடித்தேன். "அம்மா நான் இன்னைக்கு" என்று வந்தது, அவ்வளவுதான், லைன் போய்விட்டது.

இன்றைக்கு என்ன? அழுதாளா, விழுந்தாளா, யாராவது ஏதாவது சொன்னார்களா? மறுபடி டயல், மறுபடி அலறல், மறுபடி கட். சில நாள் தாக்குப்பிடிக்கும், பல நாள் பிடிக்காது. அங்கே அந்தப் பிள்ளை வெறும் ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாளே என்று திரும்பத் திரும்ப டயல் போடுவேன். அதற்குப் பிறகு வந்த மெயிலில், "அம்மா, நீங்களும் பாதியில் போய்விடுகிறீர்கள்" என்று எழுதியிருந்தாள். அன்று சமைத்ததை யாரும் சாப்பிடவில்லை.

லைன்மேனைக் கூப்பிட்டோம். பாவம், எத்தனை தடவை கூப்பிட்டாலும் முகம் சுளிக்காமல் வந்தார். கம்பத்தில் ஏறினார், பெட்டியைத் திறந்தார், ஒயரை மாற்றினார். "லைன் கண்ணாடி மாதிரி இருக்கு டீச்சர்" என்பார். அவர் சைக்கிள் தெருமுனை தாண்டியிருக்காது, இங்கே கட் ஆகும். கடைசியில் தலையைச் சொறிந்துகொண்டு, "அந்தத் தறி மோட்டாருதான் கரண்ட இழுக்கோ என்னமோ. சாயங்காலம் செத்த நேரம் நிப்பாட்டச் சொல்லிப் பாருங்களேன்" என்றார்.

யார் சொல்வது? அதுவும் யாரிடம்? "எங்கண்ணன்ட்டயா? நான் மாட்டேம்மா" என்று கணவர் கழன்றுகொண்டார். நான் அக்காவிடம் நைசாகப் போட்டு வைத்தேன், போன் தெரியாமல் கை பட்டு எடுபடுகிறதா என்றும் கேட்டேன். "எங்க வீட்ல யாரு எடுக்கா? போனு முன்னறையில துணிப் பேல் மூட்டைகளுக்கு நடுவுல கெடக்கு" என்றாள் அக்கா. அவளுக்குத் தெரிந்ததைத்தான் சொன்னாள்.

மறுநாள் ஆறரை மணிக்குத் தறிச் சத்தம் நின்றது. எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. பேச்சு வார்த்தை இல்லாத மனுஷன், ஓடுகிற தறியை எனக்காக நிறுத்தியிருக்கிறார். மனசுக்குள்ளேயே கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு டயல் போட்டேன். கனெக்ட் ஆனது. கட் ஆனது. திரும்பவும் போட்டேன், திரும்பவும் கட். முன்பாவது சில நாள் பேச முடிந்தது. தறி நின்ற பிறகு ஒரு நாள்கூட முடியவில்லை. இது என்ன கொடுமை என்று எனக்குக் கோபம் தலைக்கேறியது.

அந்த வார வெள்ளிக்கிழமை மகளிடமிருந்து மெயில் வந்தது. டிக்கெட் எடுக்கப் போகிறேன், திங்கட்கிழமை கிளம்புகிறேன் என்று. அன்று சாயங்காலம் கணவரை டயல் போடச் சொல்லிவிட்டு, பின்வாசல் வழியாக அத்தான் வீட்டுக்குள் நுழைந்தேன். எலி கடிக்கிறதோ, பூனை தள்ளுகிறதோ, அந்தப் போனைக் கண்ணால் பார்த்துவிடுவது என்று.

முன்னறை வாசலில் நின்றேன். எங்கள் வீட்டில் டயல் போட, இங்கே அந்தப் போனில் மணி லேசாக டிங், டிங் என்று தட்டியது. தறி ஓடும்போது காதில் விழாத சத்தம் அது. இப்போது தெளிவாகக் கேட்டது. பேல்களுக்கு நடுவே ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அத்தான், பச்சைப் பிள்ளையைத் தூக்குகிற மாதிரி அவ்வளவு மெதுவாக ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். கண்ணை மூடியிருந்தார்.

பின்னால் எங்கள் வீட்டிலிருந்து, "கட் ஆயிருச்சு!" என்று கணவர் கத்தினார்.

எனக்கு வாயில் வந்ததெல்லாம் வசவுதான். "என்னத்தான் இது!" என்று கேட்டே விட்டேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவரிடம் நேராக நான் பேசிய முதல் பேச்சு அது. திடுக்கிட்டு எழுந்து நின்றார். ரிசீவர் கையிலேயே இருந்தது.

"புள்ள பேசுதாளேன்னு..." என்றார். "மணி தட்டும். எடுத்தா ஒரு எரைச்சல். அதுக்குள்ள எங்கயாச்சும் அவ சத்தம் வருமான்னு கேப்பேன். ஒரு நா அழுத மாதிரி இருந்துச்சும்மா. அவ நல்லாத்தான இருக்கா?"

வந்து கேட்டிருக்கலாமே என்று யாரும் சொல்லலாம். தம்பியோடு பேச்சு இல்லை, தம்பி மனைவியோடு பேசும் வழக்கம் இல்லை, அந்த மனுஷன் யாரிடம் போய்க் கேட்பார்? தறியை நிறுத்தியதுகூட எனக்கு மட்டும் இல்லை, அவள் சத்தம் கேட்கத்தான். வைய வந்த நான் அழுதுவிட்டேன். "எங்க வீட்டுக்கு வாங்கத்தான்" என்றேன்.

வந்தார். கம்ப்யூட்டர் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். எடுக்க ஆள் இல்லாததால் லைன் அன்று கெட்டியாக நின்றது. நடந்ததை அப்படியே மகளுக்கு அடித்தேன். பெரியப்பா உன் சத்தத்தைக் கேட்க இத்தனை நாளாக ரிசீவரை எடுத்திருக்கிறார், அதனால்தான் கட் ஆனது என்று. ரொம்ப நேரம் ஒன்றும் வரவில்லை. போச்சுடா என்று மோடத்தைப் பார்த்தேன், விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. பிறகு வந்தது: "என் சத்தத்தையா?" அதன்பின் இன்னொரு வரி: "ஞாயிற்றுக்கிழமை காலையில் பெரியப்பாவைப் போன் பக்கத்தில் இருக்கச் சொல்லுங்கள்."

போனுக்கும் அவளுக்கும் என்ன சம்பந்தம்? எனக்குப் புரியவில்லை. அத்தான் எதுவும் கேட்கவில்லை. ஞாயிறு விடிந்ததும் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுப் போன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார் என்று அக்கா வந்து சொன்னாள்.

மணி அடித்தது. இரண்டு வீட்டிலும் அடித்தது. நானும் எடுத்துவிட்டேன், பெற்றவளுக்கு மனசு கேட்குமா? அங்கே பூத்தில் யாரோ பெண் ஹிந்தியில் ஏதோ சொல்லி ரிசீவரைக் கைமாற்றியது கேட்டது.

"பெயியப்பா" என்றாள் என் மகள். அவள் வாயில் 'ர' வராது, 'ய' என்றுதான் வரும்.

அவள் குரலைப் போனில் நான் கேட்பது அதுதான் முதல் தடவை. யாரும் சிரிக்கக்கூடாது என்று வாயை மூடிக்கொண்டவள், ஜனம் போய்வரும் பூத்தில் நின்று, பதில் ஒன்றும் காதில் விழாத போனில் பேசினாள். சப்பாத்தி தினமும் தின்று வயிறு வலிக்கிறது என்றாள். குளிர் என்றாள். ஒரு புடவைக்குக் கரை வரைந்ததை வாத்தியார் சுவரில் ஒட்டினார் என்றாள். பூத்துக்குக் கூட்டிவந்த பெண் பக்கத்து அறைக்காரி, நேற்றிலிருந்து சிநேகிதம் என்றாள். அத்தான் ஒவ்வொன்றுக்கும், "ம்... சொல்லுத்தா... ம்... அப்பிடியா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

"நான் வயலே பெயியப்பா. தீபாவளிக்குத்தான் வயுவேன். வச்சியட்டா?"

கேட்டுவிட்டு, கேட்காத பதிலுக்காகக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள்.

"வைக்காதத்தா" என்றார் அத்தான். "இன்னும் செத்த நேரம் பேசு."

அவள் ரிசீவரை வைத்தாள்.