கதிரை முடிந்துவிட்டது என்று சொன்னேன்

உட்காரும் கதிரைகள் எல்லாம் முடிந்துவிட்டன என்று நான் ஒரு மனிதரிடம் பொய் சொன்னேன். அதே மாலையில் அவருடைய மகனிடம், உன் அப்பாவை நான் காணவில்லை என்று இன்னொரு பொய் சொன்னேன். முதலாவது பொய்யை மைதானத்தின் வாசலில் நின்று சொன்னேன், இரண்டாவதை உடுப்பு மாற்றும் கொட்டிலுக்குப் பக்கத்தில். இரண்டையும் சேர்த்தால் பத்துச் சொற்கள் வராது. அந்தச் சொற்களால் ஒரு தகப்பனும் மகனும் ஒன்பது வருடம் பேசாமல் இருந்தார்கள்.

அப்போது நான் ஒரு பாடசாலையில் உப அதிபராக இருந்து ஓய்வு பெற்றிருந்தேன். எங்கள் உதைபந்தாட்டக் கழகத்துக்குச் செயலாளர். கழகத்தின் மைதானம் வாவிக்கரையில் இருக்கிறது. மூன்று பக்கம் வேலி, நாலாவது பக்கம் தண்ணீர். இங்கே எல்லோரும் வாவியை ஆறு என்றுதான் சொல்வார்கள். வாசலில் ஐம்பது ரூபாய் டிக்கட் வாங்கியவர்கள் வேலியோரம் நின்று பார்ப்பார்கள். மீன்பிடிக்கிறவர்கள் அந்த ஐம்பதையும் கொடுக்கமாட்டார்கள். தோணிகளைக் கொண்டுவந்து கோல் கம்பத்துக்குப் பின்னால் தண்ணீரில் வரிசையாக நிறுத்திவிட்டு, அதில் நின்றபடி பார்ப்பார்கள்.

அவர்கள் எழுப்பிய சத்தத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்த வாவியில் வலையை அரைவட்டமாக விட்டுவிட்டு, தோணியின் விளிம்பில் கம்பால் அடித்து மீனை வலைக்குள் கலைப்பது ஒரு முறை. மீன் அந்தச் சத்தத்துக்கு மிரண்டு ஓடும். எதிரணி பந்தோடு ஆற்றுப்பக்கத்துக் கோலை நெருங்கினால் எங்கள் ஆட்களும் அதே மாதிரி அடிப்பார்கள். முதலில் ஒரு தோணி, மெதுவாக. பிறகு இருபது முப்பது தோணிகள். பந்தை வைத்திருப்பவனுக்கு எங்கே அடிப்பது என்று தெரியாமல் போகும். ஏறாவூர் அணியின் ஆட்டக்காரர் ஒருவர் ஒருமுறை போட்டி முடிந்து தண்ணீர் குடித்துக்கொண்டே, "நம்மள மீனெண்டு நினைச்சிட்டானுகள் போல. இன்னும் கொஞ்ச நேரம் அடிச்சிருந்தா வலைக்குள்ளதான் போய் விழுந்திருப்பம்" என்றார். தோணிக்காரர்கள் அதை ஒரு மாதம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

முதல் அடியை அடிப்பவர் எப்போதும் ஒருவர்தான். எங்கள் கோல் காப்பாளரின் தகப்பன். மெலிந்த மனிதர், அதிகம் பேசமாட்டார். அவர் அடிக்கத் தொடங்கும்வரை மற்றவர்கள் கம்பைத் தூக்கமாட்டார்கள். மகன் ஒருநாள் என்னிடம் சொன்னான்: "அந்தச் சத்தம் முதுகில விழுந்தாத்தான் சேர் எனக்குக் கால் நிலத்தில நிக்கும்."

எனக்கு அந்தச் சத்தம் பிடிக்காது. கெட்ட வார்த்தைகளும் பிடிக்காது. தொலைக்காட்சியில் வெளிநாட்டு மைதானங்களைப் பார்ப்பேன். எல்லோரும் இலக்கமிட்ட கதிரையில் இருக்கிறார்கள். நாமும் அப்படி ஒழுங்காக நடத்தினால் நல்ல குடும்பங்கள் வரும், கடைக்காரர்கள் விளம்பரம் தருவார்கள், கழகம் நிமிரும் என்று நம்பினேன். செயற்குழுவில் பேசி எல்லோரையும் சம்மதிக்க வைத்தேன். வேலியோரம் நின்று பார்ப்பதை நிறுத்தினோம். வாடகைக்குப் பிளாஸ்டிக் கதிரைகள் எடுத்து நிரை நிரையாகப் போட்டோம். டிக்கட் முந்நூறு ரூபாய், அதற்குக் குறைந்த டிக்கட் இல்லை. ஆற்றுப்பக்கத்தில் கமுகு மரங்கள் நட்டு, உரப்பைகளைத் தைத்து உயரமான மறைப்பு ஒன்று கட்டினோம். அதைத் தைக்கக் கூலி கொடுத்தது நான். உயரம் போதுமா என்று பார்க்க ஒரு தோணியை வரவழைத்து அதில் ஏறி நின்று பார்த்ததும் நான்தான். கோல் கம்பத்தின் நுனிகூடத் தெரியவில்லை. திருப்தியாக இறங்கினேன்.

மறைப்புக் கட்டிய பிறகு நடந்த முதல் போட்டி, கோல் காத்த அந்தப் பையனின் கடைசிப் போட்டியாக அமைந்தது. கட்டாரில் வேலைக்கு விசா வந்திருந்தது. தகப்பனுக்கு அவன் போவதில் விருப்பமில்லை. அதனால் ஒரு மாதமாக இருவரும் பேசுவதில்லை. அவன் தாயிடம், அப்பாவைப் போட்டிக்கு வரச் சொல் என்று சொல்லியனுப்பியிருந்தான். போட்டி தொடங்குமுன் என்னிடம் வந்தான்.

"சேர், அப்பா வந்தா எனக்கொருக்காச் சொல்லுங்க. அவர் வந்தாரெண்டா கோபமில்லையெண்டு நினைச்சிக்கிட்டுப் போவன்."

"சரி மனே, நான் பார்க்கிறன்" என்றேன்.

வாசலில் நானே நின்றேன். பிரதம விருந்தினர் வந்து முன்வரிசையில் அமர்ந்திருந்தார். நாலைந்து நிரைகள் நிரம்பியிருந்தன. பின்னாலிருந்தவை எல்லாம் வெறும் கதிரைகள். தண்ணீரில் வந்த தோணிகள் மறைப்பைக் கண்டு சிறிது நேரம் அசையாமல் நின்றதாகவும் பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பியதாகவும் பிற்பாடு கேள்விப்பட்டேன். ஒருவர் மட்டும் தோணியைக் கரையில் கட்டிவிட்டு, வேலியைச் சுற்றி நடந்து வாசலுக்கு வந்தார். உடுத்திருந்த சாரம் முழங்கால்வரை நனைந்திருந்தது. கையில் நாலாக மடித்த ஐம்பது ரூபாய்த் தாள்.

"சேர், உள்ள விடுங்க. ஒரு ஓரமா நிண்டு பார்த்திட்டுப் போறன்."

"இப்ப நிக்க ஏலா. எல்லாம் கதிரைதான்."

"கதிரைக்கு மிச்சக் காச நாளைக்குக் கொண்டாறன் சேர். பொடியன் விளையாடுறான்."

டிக்கட் கிழித்துக்கொண்டிருந்தவன் சிரித்தான். "உங்களுக்கென்னத்துக்குகா கதிரை? தோணியத் தூக்கிக்கொண்டு வந்து போடுங்க, அதில நிண்டு பாருங்க."

பக்கத்தில் நின்ற இரண்டொருவரும் சிரித்தார்கள். அவரும் சிரிக்கப் பார்த்தார். நான் சிரிக்கவில்லை. அவரிடமிருந்து மீன் மணம் வந்தது. இவரை விட்டால் பின்னால் இன்னும் இருபது பேர் இப்படியே வருவார்கள், விருந்தினருக்குப் பின்னால் இருந்து கத்துவார்கள் என்று யோசித்தேன். இவரை விடாவிட்டால் என்ன நடக்கும் என்பதும் எனக்குத் தெரியும். சற்றுமுன்தான் அந்தப் பையன் சொல்லியிருந்தான்.

"கதிரை முடிஞ்சுது. நீ போ" என்றேன். அவர் என்னைவிட ஏழெட்டு வயதுதான் இளையவர். நீ என்றேன்.

அவர் என் தோளுக்கு மேலால் உள்ளே பார்த்தார். வெறும் கதிரைகள் அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். "சரி சேர்" என்றார். தாளை மறுபடியும் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனார்.

அன்று போட்டியில் சத்தமே இல்லை. கதிரையில் இருந்தவர்கள் ஒரு நல்ல உதைக்குக் கைதட்டினார்கள், பிறகு பலகாரப் பையைப் பிரித்தார்கள். யாராவது உணர்ச்சியில் எழும்பினால் பின்னாலிருந்து, "இரிங்க, மறைக்குது" என்று குரல் வந்தது. அவர்களும் உட்கார்ந்துவிட்டார்கள். முந்நூறு ரூபாய் கொடுத்தவனுக்கு மறைக்கக்கூடாது என்று சொல்ல உரிமை இருக்கிறது. ஆனால் இருந்தபடி மனிதனால் எவ்வளவுதான் கத்த முடியும்? விருந்தினர் என் பக்கம் சாய்ந்து, "நல்ல ஒழுங்கா நடத்துறீங்க" என்றார். எனக்கு அது பெருமையாக இருந்தது.

இரண்டாம் பாதியில் எங்கள் பையன் ஆற்றுப்பக்கத்துக் கோலில் நின்றான். எதிரணிக்காரன் பந்தோடு வந்தபோது அவன் ஒருகணம் பின்னால் திரும்பி மறைப்பைப் பார்த்ததை நான் கண்டேன். பந்து அவனுக்கு இடப்பக்கத்தால் உள்ளே போனது. அந்த ஒரு கோலால் தோற்றோம்.

முடிந்ததும் கையுறைகளைக் கழற்றிக்கொண்டே கொட்டிலடிக்கு வந்தான்.

"அப்பா வந்தவரா சேர்?"

வந்தார், நான்தான் விடவில்லை என்று சொல்லியிருக்கலாம். அவனைக் கூட்டிக்கொண்டு அவர்கள் வீட்டுக்கு நடந்திருக்கலாம், கால் மணித்தியாலத் தூரம். விருந்தினர் தேநீருக்குக் காத்திருந்தார்.

"நான் காணல்ல மனே" என்றேன்.

மூன்றாம் நாள் அவன் கட்டாருக்குப் போய்விட்டான்.

அதற்குப் பிறகு கழகம் படிப்படியாகத் தேய்ந்தது. நல்ல குடும்பங்கள் என்று நான் நினைத்தவர்கள் இரண்டு போட்டிகளுக்கு வந்தார்கள். பிறகு வரவில்லை. அவர்களும் ஆட்டத்தை மட்டும் பார்க்க வந்தவர்கள் அல்லர், அந்தக் கூட்டத்தைப் பார்க்கவும்தான் வந்திருக்கிறார்கள் என்பது எனக்குப் பிந்தித்தான் விளங்கியது. டிக்கட்டைக் குறைத்தோம். பிறகு டிக்கட்டே வேண்டாம் என்றோம். ஒரு காலையில் நானே கத்தியோடு போய் உரப்பை மறைப்பை அறுத்து விழுத்தினேன். அதற்குள் அது வெயிலில் உக்கி, தொட்ட இடமெல்லாம் பொடியாய்க் கொட்டியது. தண்ணீர்ப் பக்கம் திறந்து கிடந்தது. தோணி ஒன்றும் வரவில்லை. மீன்பிடிக்கிறவர்களின் பிள்ளைகள் பாதிப்பேர் வளைகுடாவில். மிச்சப்பேர் கைபேசியில் வெளிநாட்டுப் போட்டி பார்க்கிறார்கள். நடுவில் ஒரு தலைமுறை எங்கள் மைதானத்துக்கு வராமலே பழகிவிட்டது.

அந்தத் தகப்பனிடம் போக எனக்கு ஒன்பது வருடம் எடுத்தது. பல தடவை தெருவில் கண்டிருக்கிறேன். "சேர்" என்று தலையசைப்பார். நானும் அசைப்பேன். போன வருடம் எனக்கு நெஞ்சுவலி வந்து ஆசுபத்திரியில் கிடந்தேன். வெளியே வந்த கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் வலையில் சிக்கிய நண்டுகளைக் கழற்றிக்கொண்டிருந்தார். இந்த முறை நீங்கள் என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன்: கதிரை இருந்தது, மகன் என்னிடம் கேட்டான், காணவில்லை என்றேன்.

அவர் கை நிற்கவில்லை. "கதிரை கிடந்தது எனக்குத் தெரியுந்தானே சேர்" என்றார். "மத்ததுதான் தெரியா. நான் வந்தன், விடல்லையெண்டு அண்டைக்கே அவனுக்குச் சொன்னனான். நம்பல்ல. 'சேர் வாசல்லதானே நிண்டவர், அவர் காணல்லையாம். நீங்க பொய் சொல்றீங்க' எண்டான். ஏன் அப்பிடிச் சொன்னானெண்டு நானும் யோசிச்சிருக்கன். இப்பத்தான் விளங்குது."

அவர் மனைவி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். ஒரு கதிரையைக் கொண்டுவந்து எனக்குப் பின்னால் வைத்துவிட்டுப் போனார்.

மகனோடு பேச வேண்டும் என்றேன். தாய்தான் அழைப்பை எடுத்துத் தந்தார். திரையில் தாடி வைத்த ஒரு முகம், பின்னால் இரண்டடுக்குக் கட்டில்கள். என்னை அடையாளம் கண்டுகொள்ளக் கொஞ்ச நேரம் எடுத்தது.

"அண்டைக்கு நான் பொய் சொன்னன் மனே. அப்பா வந்தவர். வாசல்ல வச்சி நான்தான் திருப்பி அனுப்பினன்."

"ஏன் சேர்?" என்றான்.

"விருந்தாளி வந்திருந்தார். ஒழுங்காயிருக்க வேணுமெண்டு..."

"அதில்ல சேர். நான் கேட்டநேரம் ஏன் சொல்லல்ல?"

விருந்தினர் தேநீருக்குக் காத்திருந்தார் என்று தொடங்கி, பாதியில் நிறுத்தினேன்.

"லீவில வந்து முடிச்ச என்ட கலியாணத்தில சித்தப்பாதான் அப்பாட இடத்தில நிண்டவர்" என்றான். "அப்பா வேலியடியில நிண்டு பார்த்திட்டுப் போனவராம். நான் உள்ள கூப்பிடல்ல. அத இனி எப்பிடி சேர் மாத்துற?"

தகப்பன் நண்டைக் கழற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். நான் கைபேசியை அவரிடம் நீட்டினேன். ஈரக்கையைச் சாரத்தில் துடைத்துவிட்டு வாங்கினார். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி இருந்தார்கள்.

"சாப்பிட்டியா மனே?"

"ஓம்."

"வெயிலா அங்க?"

"ஓமப்பா. வேலைக்கு நேரமாகுது."

"சரி, போ."

அவ்வளவுதான். இப்போது வெள்ளிக்கிழமைகளில் தாயோடு பேசி முடித்ததும் தகப்பனோடும் இதே நாலு சொற்கள் பேசுகிறானாம். ஊருக்கு வருவதைப் பற்றிக் கேட்டால், பார்ப்போம் என்கிறானாம். எனக்கு அவன் அழைப்பு எடுத்ததில்லை. நான் எடுத்தாலும் அவன் தூக்குவதில்லை.

நான் இன்னும் ஒன்று செய்து பார்த்தேன். இந்த வருடம் எங்கள் மைதானத்தில் ஒரு போட்டி நடந்தபோது அவரை வற்புறுத்திக் கூப்பிட்டேன். தோணியில் வாருங்கள், மறைப்பு இல்லை என்றேன். தோணியை விற்றுவிட்டார். இப்போது இன்னொருவரின் தோணியில், பிடிபடும் மீனில் ஒரு பங்குக்குப் போகிறார் என்பது எனக்கு அப்போதுதான் தெரியவந்தது. நடந்துதான் வந்தார். வெளுத்த சாரம், இஸ்திரி போட்ட சேட்டு. முன்வரிசையில் ஆற்றுப்பக்கத்துக் கோலுக்குக் கிட்டவாக ஒரு கதிரை அவருக்கென்று வைத்திருந்தேன். டிக்கட் இல்லை. யாரும் எங்கேயும் நிற்கலாம் என்று ஒலிபெருக்கியில் இரண்டு தரம் சொன்னேன். வந்த முப்பது நாற்பது பேரும் கதிரைகளைத் தேடிப் போய் இருந்துகொண்டார்கள்.

அவர் கைகளை மடியில் வைத்து நேராக இருந்தார். எதிரணி பந்தோடு ஆற்றுப்பக்கம் பாய்ந்தபோது அவருடைய வலதுகை கதிரையின் பிடியில் ஒருதரம் தட்டியது. பிளாஸ்டிக்கில் சத்தம் எழவில்லை. அவர் பாதி எழும்பினார்.

"இரிங்க, மறைக்குது" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

இருந்தார். கோல் விழுந்தது. இடைவேளையில் என்னிடம் வந்து, "நல்லாத் தெரியுது சேர்" என்றார். "இவ்வளவு கிட்ட நான் ஒருநாளும் பார்த்ததில்ல."

பிறகு வாசலால் வெளியே போனார். இரண்டாம் பாதி முழுவதும் அந்தக் கதிரையை யாரும் எடுக்கவில்லை. அடுத்த போட்டிக்கும் அவருக்கென்று அதே இடத்தில் கதிரை போட்டேன். அவர் வரவில்லை.