சிரமம் கொடுத்த லூர்து டீச்சர்

லூர்து டீச்சர் இறந்த செய்தி எனக்கு ஒரு படமாகத்தான் வந்தது. நம் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறதே, அதில் காலையில் பால் அடுப்பில் இருக்கும்போது கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ் வந்து விழுந்தது. டீச்சர் சிரித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். அவருடைய வலது கை மணிக்கட்டோடு ஒரு ரோஜாக் கொத்துக்குள் போய் மறைகிறது. பால் பொங்கி அடுப்பு அணைந்தது. அழுகைக்கு முன்னால் எனக்குக் கோபம்தான் வந்தது. அந்தப் படத்தை எடுத்தவள் நான். அந்தக் கை இருந்தது ரோஜாவின் மேல் அல்ல, சாம்பியன் என்கிற அவருடைய நாயின் தலைமேல். நாயை வெட்டி எடுத்துவிட்டுப் பூவை ஒட்டியிருந்தார்கள்.

முந்தின நாள் சாயங்காலம் காபி போடும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. பேகம்பூரைத் தாண்டி இருக்கும் அவர் வீட்டுக்கு நான் போனபோது தெருவெல்லாம் பிளாஸ்டிக் நாற்காலி. வந்தவர்கள் எல்லாரும் சொல்லி வைத்தது மாதிரி ஒரே வார்த்தையைச் சொன்னார்கள். "குடுத்து வச்ச மகராசி. யாருக்கும் ஒரு சிரமம் குடுக்காம போயிட்டா." கல்லறையில் சாமியாரும் அதையே ஜெபத்தில் சேர்த்துக்கொண்டார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவரோடு வேலை பார்த்த உங்களைக் கேட்கிறேன். லூர்து டீச்சரா யாருக்கும் சிரமம் கொடுக்காதவர்?

அவர் பி.டி. டீச்சர், நான் கணக்கு டீச்சர். என்னை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, "கணக்கு" என்றுதான் கூப்பிடுவார். பள்ளி மைதானத்தில் கார் நிறுத்தக் கூடாது என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார், தலைமையாசிரியர் நிறுத்திக்கொண்டே இருந்தார். ஒருநாள் டீச்சர் சுண்ணாம்புப் பொடியை எடுத்துக்கொண்டு போய், அந்தக் கார் நடுவில் இருக்கும்படி கபடிக் கோடு போட்டு, பிள்ளைகளை இறக்கி விசில் ஊதிவிட்டார். ரெட்டியார்சத்திரம் பக்கத்துப் பிள்ளைகள் புழுதி பறக்க ஆடினார்கள். தலைமையாசிரியர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கோட்டுக்கு வெளியே நின்று, "டீச்சர், எனக்கு மீட்டிங் இருக்கு" என்று கெஞ்சினார். "ஆட்டம் முடியட்டும் சார், செத்த நேரம்" என்றார் டீச்சர். அந்த ஆட்டம் லேசில் முடியவில்லை. மறுநாளிலிருந்து கார் வெளியே நின்றது. அப்பேர்ப்பட்டவரைத்தான் சிரமம் கொடுக்காதவர் என்று சொல்லிப் புதைத்துவிட்டு வந்திருக்கிறோம்.

சாம்பியனும் அவருக்கு அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் வந்து சேர்ந்தது. குட்டியாக இருந்தவரை கொஞ்சிவிட்டு, தீனிச் செலவு பெருத்ததும் யாரோ ஒரு புண்ணியவான் பள்ளிக்கூட கேட்டில் கட்டிவிட்டுப் போன லேப்ரடார். இந்தப் பொங்கல் முடிந்ததும் அது பின்னங்காலைத் தூக்கிக்கொண்டு நொண்டியது. கால் என்றால் டீச்சருக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். சுளுக்கினாலும் பிசகினாலும் எத்தனையோ பிள்ளைகளை அவர் கூட்டிப்போன எலும்புக் கட்டுக்காரர். நாயையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு அங்கேயே போனார். கட்டுக்காரரும் மூங்கில் பத்தை வைத்து, முட்டை வெள்ளைக்கருவும் உளுந்து மாவும் குழைத்துத் துணியில் தடவி, பிள்ளைகளுக்குப் போடுகிற அதே கட்டைப் போட்டு அனுப்பினார். விடிந்து பார்த்தால் கட்டைக் காணோம். முட்டையும் உளுந்தும் மணக்க மணக்கக் காலில் கட்டிவிட்டால் நாய் சும்மா இருக்குமா? துணியோடு சேர்த்துத் தின்றுவிட்டு, இன்னும் இருக்கிறதா என்று டீச்சர் முகத்தைப் பார்த்ததாம். சொல்லிச் சொல்லிச் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, "எனக்கு வேற வைத்தியமே தெரியலையே கணக்கு" என்றார்.

மதுரைக்கு நான் கூடப் போனேன். அங்கே ஒரு கால்நடை டாக்டர் எக்ஸ்ரே எடுத்து, காலை மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டு, எலும்பு நன்றாக இருக்கிறது, முட்டிக்குள் இருக்கிற ஜவ்வு கிழிந்துவிட்டது என்றார். ஆபரேஷன் செய்தால் நன்றாக நடக்க வாய்ப்பு அதிகம், ஆனால் உறுதி சொல்ல முடியாது. செய்யாவிட்டால் மருந்து மாத்திரையோடு நொண்டிக்கொண்டே காலத்தை ஓட்டும், கனமான நாய் என்பதால் நாளைக்கு அடுத்த காலும் போகலாம். "பண்ணா ரெண்டு மாசம் ஓடக் கூடாது, குதிக்கக் கூடாதும்மா. வயித்துக்கு அடியில துண்டைக் குடுத்து, பின்பக்கத்தைத் தூக்கிப் பிடிச்சுத்தான் வெளிய கூட்டிட்டுப் போகணும். வீட்டுல யாரு பாத்துக்குவீங்க?" என்று கேட்டார். டீச்சர் நாயின் காதைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

அவர் ஏன் பேசவில்லை என்று எனக்குத் தெரியும். மைதானத்தில் ஓடி ஓடி அவருடைய முட்டி இரண்டும் தேய்ந்துபோய், மாற்றித்தான் ஆகவேண்டும் என்று போன வருஷமே சொல்லிவிட்டார்கள். அன்றைக்கு அவர் தம்பி வீட்டுக் கூடத்தில் நானும் இருந்தேன். டீச்சர் மாடியில், தம்பி குடும்பம் கீழே. "பண்ணிக்கக்கா, யாரு வேணாம்னா? ஆனா பண்ணிட்டு யாரு பாத்துக்குறது? இவளுக்கும் இடுப்பு வலி, என்னாலயும் கடையை விட்டு நகர முடியாது" என்றார் தம்பி. கேள்வி மாதிரிதான் இருந்தது. ஆனால் யாரும் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. உடனே டி.வி.யைப் போட்டுவிட்டார்கள். மைதானத்தையே கிடுகிடுக்க வைத்த மனுஷி, "சரி விடு" என்று சொல்லிவிட்டுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக மேலே ஏறினார். எனக்கு வந்த ஆத்திரத்தில் கொடுத்த காபியைக் குடிக்காமல் வைத்துவிட்டு வந்தேன்.

மதுரையிலிருந்து திரும்பும்போது வண்டியில் அவரே பேச்சை எடுத்தார். "என்கிட்ட தம்பி கேட்ட அதே கேள்விதான், பாத்தியா? ஆனா அந்த டாக்டர் கேட்டுட்டு என் மூஞ்சியையே பாத்துக்கிட்டு இருந்தாரு. பதில் வரும்னு நெனச்சுக் கேட்டாரு."

அதற்குப் பிறகும் பல நாள் குழம்பினார். ஊர் வாய் வேறு. "மனுசனுக்கே ஆஸ்பத்திரில இடமில்ல, நாய்க்கு ஆபரேஷனா?" என்று கேட்ட சகஆசிரியரிடம், "மனுசனுக்காக நீங்க எந்த ஆஸ்பத்திரி வாசல்ல போய் நின்னீங்க சார்?" என்று கேட்டு வாயை அடைத்தார். அதெல்லாம் அவருக்குத் தூசு. அவரை அரித்தது வேறு. "எனக்கு வலிச்சா எதுக்கு வலிக்குதுன்னு எனக்குத் தெரியும். அதுக்குத் தெரியாதே. அது நல்லதுக்குன்னு நெனச்சு நான் காலை அறுத்துப் போட்டு, ரெண்டு மாசம் கட்டியும் போட்டா, நான்தான் அடிச்சேன்னு நெனச்சுக்காதா? அதுகிட்ட ஒரு வார்த்தை கேக்க முடியலையே" என்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் போன் செய்தார். "கணக்கு, பண்ணிருவோம். வியாழக்கிழமை வரச் சொல்லிட்டாரு. காலையில நான் துண்டைப் போட்டுத் தூக்கிருவேன். சாயங்காலமானா என் முட்டி வீங்கிருது. சாயங்காலம் நீ வாரியா?"

"வாரேன் டீச்சர்."

"யோசிச்சுச் சொல்லு. மூட்டை கனம் கனக்கும்."

"வாரேன்னு சொல்லிட்டேன்ல."

"கேட்டா வர்றாகப்பா" என்றார், ஆச்சரியமாக. எனக்குக் கண்ணீரும் கோபமும் சேர்ந்து வந்தது. "அப்ப உங்க முட்டிக்கு ஏன் கேக்கல? நான் செத்தா போயிட்டேன்?" என்று கத்தினேன். "எனக்குன்னா வாய் வர மாட்டேங்குது. முதல்ல இது நடக்கட்டும். அப்புறம் எனக்கும் கேக்குறேன், கோவிச்சுக்காத" என்றார். வியாழக்கிழமை வருவதற்கு முன்னால் திங்கட்கிழமை சாயங்காலம் போய்விட்டார்.

மூன்றாம் நாள் ஜெபத்துக்குப் போனபோது சாம்பியனை மோட்டார் ரூம் பக்கத்தில் கட்டிப்போட்டிருந்தார்கள். மதுரை டாக்டருக்கு ஏற்கெனவே போன் செய்து ஆபரேஷன் வேண்டாம் என்று சொல்லியாயிற்று. "கன்னிவாடிப் பக்கம் தெரிஞ்சவுக தோட்டம் இருக்கு டீச்சர். அங்க விட்டுட்டா காவலுக்காச்சும் ஆகும்" என்றார் தம்பி. மூன்று காலில் நிற்கிற நாய் தோட்டத்துக்குக் காவலாம். "துக்க வீடுன்னு பாக்குறேன், இல்லைன்னா வாயில நல்லா வந்துரும்" என்று சொல்லிவிட்டுக் கட்டை அவிழ்த்தேன். மாடிக் கொடியில் டீச்சரின் துண்டு ஒன்று கிடந்தது. அதை எடுத்து நாயின் வயிற்றுக்கு அடியில் கொடுத்துத் தூக்கினேன். ஜெபத்துக்கு வந்த அத்தனை பேரும் வேடிக்கை பார்த்தார்கள். ஒருவர் கூட ஆட்டோ வரைக்கும் ஒரு கை பிடிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் என் கணவர் கேட்டார், "ஆபரேஷன் பண்ணிட்டு யாரு பாத்துக்குறது?" நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். டி.வி. ஓடவில்லை. நான் நகரவும் இல்லை. கடைசியில் அவரே, "சரி, காலையில நான் தூக்குறேன்" என்றார்.

ஆபரேஷன் முடிந்துவிட்டது. சாம்பியன் இன்னும் அந்தக் காலை ஊன்றவில்லை. ஊன்றும் என்கிறார் டாக்டர், உறுதி சொல்ல மாட்டேன் என்றும் சொல்கிறார். துண்டைக் கொண்டுபோனால் என்னை ஒரு பார்வை பார்க்கிறது. நான்தான் அடித்தேன் என்று நினைக்கிறதோ என்னவோ. தூக்கித் தூக்கி என் தோள் விட்டுப்போயிற்று. டீச்சர் எனக்குக் கொடுத்துவிட்டுப் போனது இந்தச் சிரமம். இதை நான் யாருக்கும் விட்டுக் கொடுக்க மாட்டேன். ஆனால் அவர் கடைசியாகக் கற்றுக்கொண்ட ஒன்று இருக்கிறது. கேட்டால் வருகிறார்கள் என்பது. அதைத் தனக்காக ஒரே ஒரு தடவை கேட்டுப் பார்க்க அவருக்கு நாள் இல்லாமல் போயிற்று. அந்த ஆத்திரம் எனக்கு ஆறாது.

அதனால் அந்த ஃபிளெக்ஸுக்குக் கீழே கைகூப்புகிற பொம்மை போட்ட உங்கள் எல்லாரிடமும் நான் கேட்கிறேன். வருகிற சனிக்கிழமை தையல் பிரிக்க மதுரைக்குப் போகவேண்டும். என் கணவர் ஊரில் இல்லை. நாயை வண்டியில் ஏற்றி இறக்க இன்னொரு ஆள் வேண்டும். மூட்டை கனம் கனக்கும். யார் வாரீர்கள்? பதில் வரும் என்று நினைத்துத்தான் கேட்கிறேன்.