எங்க பேர்ல இல்ல

எங்கள் வீட்டில் எதுவும் எங்கள் பெயரில் இல்லை. ஃபர்வானியாவில் நான்காவது மாடியில் இருந்த ஒற்றை அறை அப்பாவின் கம்பெனி பெயரில் இருந்தது. அவர் ஓட்டிய பிக்கப் வண்டி, விசா கொடுத்த அரபு முதலாளியான கஃபீல் பெயரில். அம்மாவின் சிம் கார்டு கீழே மளிகைக்கடை வைத்திருந்த மலையாளியின் பெயரில். ராமநாதபுரத்து வீட்டுமனைகூட பெரியப்பா பெயரில்தான். பட்டா மாற்றவேண்டும் என்று ஒவ்வொரு லீவிலும் பேச்சு நடக்கும், லீவு முடிந்துவிடும். என் பெயரில் மட்டும் ஒன்று இருந்தது, பள்ளிக்கூட அடையாள அட்டை. அதை வீட்டுக்குள்ளும் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிவேன்.

திரியலாம்தானே? எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பத்து வயதில் அந்த மாடிக்கே இங்கிலீஷ் நான்தான். மருந்து பாட்டில், லிஃப்டில் ஒட்டிய நோட்டீஸ் எல்லாம் என்னிடம் வரும். தெரியாத இடத்தில் நானாக ஏதாவது சேர்த்துக்கொள்வேன். அதுவரை யாரும் கண்டுபிடித்ததில்லை.

எதிர் ஃபிளாட்டில் காலா இருந்தார். காலா என்றால் அரபியில் சித்தி. பாலஸ்தீனத்துக்காரர், ஆனால் பாலஸ்தீனத்தைக் கண்ணால் பார்த்ததில்லை, குவைத்தில் பிறந்தவர். எங்களோடு கடைத்தெரு இந்தியில் பேசுவார். அவருடைய ஒரே மகள் அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்தாள். அந்த மாதம் காஸாவில் குண்டு விழுந்துகொண்டிருந்தது. காலா வீட்டு டிவி அணையவே இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை காலை. சைட்டில் காங்கிரீட் வேலை பார்த்த சித்தப்பா வழக்கம்போல தொழிலாளர் கேம்பிலிருந்து கறிச்சோற்றுக்கு வந்திருந்தார். கதவு இடிபட்டது. தலையில் துணிகூடப் போடாமல் காலா நின்றார். என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினார். கறி கழுவிய கையோடு அம்மாவும், பின்னால் அப்பாவும் சித்தப்பாவும் ஓடி வந்தார்கள்.

டிவியில் அமெரிக்காவில் ஏதோ ஒரு பெரிய ரயில் நிலையம். அங்கே அப்போது வியாழக்கிழமை இரவு. நூற்றுக்கணக்கானவர்கள் கறுப்பு பனியன் போட்டுத் தரையில் உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தார்கள். நடுவே, கறுப்பு வெள்ளைக் கட்டம்போட்ட துணியைத் தோளில் போட்டிருந்தாள் காலாவின் மகள். ஓரத்திலிருந்து போலீஸ் ஒவ்வொருவராகக் கையைப் பின்னால் கட்டிக் கூட்டிப்போனது.

"இவர்கள் யஹூதிகள், போரை நிறுத்தச் சொல்கிறார்கள் என்கிறான் டிவிக்காரன். பொய்!" என்றார் காலா. யஹூதி என்றால் யூதர். அவர் அறிந்த யூதர், தன் அப்பா சொன்ன கதையில் வரும் ஆள்; துப்பாக்கியோடு வந்து வீட்டைக் காலி பண்ணச் சொன்னவர். அப்படிப்பட்டவர்கள் நடுவில் தன் மகள் ஏன் உட்கார்ந்திருக்கிறாள்? "பனியனில் என்ன எழுதியிருக்கிறது? நீ படி."

அடையாள அட்டையைச் சரிசெய்துகொண்டு படித்தேன். நாட் இன் அவர் நேம். நாலும் தெரிந்த சொற்கள்! சேர்க்கவேண்டியது எதுவும் இல்லை. காலாவுக்கு இந்தியிலும் வீட்டாருக்குத் தமிழிலும் அறிவித்தேன்.

"எங்க பேர்ல இல்ல."

"அட பாவமே," என்றாள் அம்மா. "அவங்களுக்கும் பட்டா இல்லையா?"

"கம்பெனி ரூமைக் காலி பண்ணச் சொல்லிருப்பான் அண்ணி," என்றார் சித்தப்பா.

அப்பா சிரிக்கவில்லை. "அந்தப் புள்ள படிக்கிற விசாவுல போயிருக்கு. போலீசு கையில சிக்குனா கேன்சல்தான். நேரா ஏர்போர்ட்டு."

"எந்த ஊருக்குங்க அனுப்புவான்?" என்று அம்மா கேட்டாள். காலாவுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் விசா, கேன்சல் இரண்டும் புரிந்துவிட்டன. சோபாவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

போலீஸ் நெருங்கிவிட்டது. இன்னும் இரண்டே வரிசை. அப்போது மகளுக்குப் பக்கத்திலிருந்த நரைத்த தலை அம்மாள் ஒருவர் எழுந்து, அவளைத் தோளைப் பிடித்துப் பின்னால் தள்ளினார். பின்வரிசை அவளை வாங்கி அதற்குப் பின்வரிசையிடம் தள்ளியது. அவள் விட்ட இடத்தை நாலைந்து பேர் நகர்ந்து அடைத்தார்கள்.

சித்தப்பா துள்ளி எழுந்தார். "யண்ணே, காங்கிரீட் சட்டி மாத்துற மாதிரி மாத்துறாய்ங்கண்ணே! விடாத, விடாத, யல்லா!"

"யல்லா! யல்லா!" என்று நானும் சோபாமேல் ஏறிக் குதித்தேன். அப்பா கைதட்டினார். கை மாறி கை மாறி, மாடிப்படி வரைக்கும் அந்தக் கட்டம்போட்ட துணி தெரிந்தது. பிறகு தெரியவில்லை. நரைத்த தலை அம்மாளின் கைகளைப் போலீஸ் கட்டியது. அவர் பாட்டை நிறுத்தவில்லை.

ஒரு உலை கொதிக்கும் நேரம் ஆகியிருக்கும். காலாவின் போன் அடித்தது. தெருவிலிருந்து மகள்! காலா நாக்கைச் சுழற்றி ஒரு சத்தம் எழுப்பினார் பாருங்கள், அம்மா திகைத்துப்போனாள். "ஏத்தா, இது நம்ம குலவையால்ல இருக்கு!" என்றவள், கறி வாடை அடித்த கையை வாயருகே வைத்துப் பதிலுக்குக் குலவை போட்டாள். மாடியில் எல்லாக் கதவும் திறந்தது.

மகள் மூச்சிரைக்கச் சொன்னாள். காலா எங்களுக்கு இந்தியில் சொன்னார். தள்ளிவிடும்போது அந்த அம்மாள், "உனக்கு விசா, எனக்கு இது சொந்த நாடு. உள்ளே போகவேண்டியது நான்" என்றாராம். அவரும் யூதர்தானாம்.

"அந்த அம்மாவுக்கு வீடு பேருக்கு வந்துருச்சான்னு கேளுத்தா," என்று அம்மா என்னை இடித்தாள். நான் போனில் வாயை வைத்து, என் சிறந்த இங்கிலீஷில் கேட்டேன்.

அந்தப் பக்கம் பெரிய சிரிப்பு. சிரிப்பு நடுவில் எப்படியோ அழுகையாகிவிட்டது. "அவர்களுக்கு எல்லாம் அவர்கள் பெயரில்தான் இருக்கிறது, ஹபீப்தி," என்றாள். "அதுதான் சிக்கலே. குண்டும் அவர்கள் பெயரில்தான் விழுகிறது."

ஒரு சொல்லும் சேர்க்காமல் மொழிபெயர்த்தேன். சித்தப்பா தலையைச் சொறிந்தார். "எல்லாம் பேர்ல வச்சிருக்கவன் எதுக்குய்யா ஜெயிலுக்குப் போறான்?"

இங்கிலீஷ் தெரிந்த எனக்கும் தெரியவில்லை. அன்று மதியம் கறிச்சோற்றைத் தின்றுவிட்டு, ஸ்கெட்ச் பேனாவை எடுத்து ஃபிரிட்ஜின் பின்புறத்திலும் அரிசி வாளியின் அடியிலும் என் பெயரை எழுதிவைத்தேன். கம்பெனிக்காரன் வந்தால் காட்டலாம் என்று. குண்டில் எழுதப்பட்ட தங்கள் பெயரை வேண்டாமென்று திரும்பக் கேட்கிறவர்களும் உண்டு என்பது பிடிபடவில்லை. அப்போது நான் பெயரை எழுத மட்டும்தான் கற்றிருந்தேன்.