சிறகில் தைத்த கம்பி

அந்தக் கிறிஸ்துமஸ் நாடகத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஏழாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன். குளச்சலுக்குப் பக்கத்துக் கடற்கரை ஊர் எங்களுடையது. கோயிலில் பாலன் பிறப்பு நாடகம். சம்மனசு, அதாவது தேவதூதர் வேஷம் எனக்குத்தான் என்று ஞாயிறு வகுப்பு டீச்சர் சொல்லியிருந்தார். சம்மனசுக்கு அட்டைச் சிறகும் ஜிகினாவும் போதும் என்பது ஊர் வழக்கம். எனக்குப் போதவில்லை. என் சிறகு மின்ன வேண்டும்.

அம்மை தன் கல்யாணத்தில் தலையில் போட்ட வெள்ளை நெட்டு முக்காட்டைப் பெட்டியிலிருந்து எடுத்துத் தந்தாள். கெட்டுப்போன மேசை விசிறியைப் பிரித்துச் செம்புக் கம்பி எடுத்தேன். ஊசியில் கோத்து இழுத்தால் அது முறுக்கிக்கொண்டு ஒடிந்துவிடும். அதனால் நெட்டின் மேல் கிடத்தி, தூண்டிலுக்குக் கட்டுகிற தங்கூசி நரம்பால் வலை கட்டுவதுபோல முடிச்சு முடிச்சாகப் பிணைத்தேன். பல்பு சேருமிடத்தில் கம்பியின் மேல்பூச்சைப் பிளேடால் சுரண்ட வேண்டும், இல்லையென்றால் கரண்ட் ஏறாது. பழைய சீரியல் செட்டின் குட்டி பல்புகள், டார்ச் பேட்டரி. முதல்முறை மின்னியபோது அம்மை சிலுவை போட்டுக்கொண்டாள்.

ஒத்திகைக்கு இருவரும் கொண்டுபோனோம். டீச்சர் சிறகைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு அங்கே நின்ற கோயில் கமிட்டிக்காரர் மகளைப் பார்த்தார்.

"ஏட்டி, இவ்வளவு நல்ல சிறகுக்குச் செவத்த பிள்ளை நின்னாத்தான் எடுப்பா இருக்கும். நீ இடையப் பிள்ளையா நில்லு."

என் சிறகு! அம்மை சண்டை போடுவாள் என்று திரும்பினேன்.

"குடுத்துரு மக்கா. கோயில் காரியமில்லா?" என்றாள்.

வாங்கியவர்களுக்கு அது கம்பி தைத்த துணி என்கிற நினைப்பே இல்லை. சேலையைப்போல எட்டாக மடித்து, சுருக்கம் போக மேலே பாட்டுப் புத்தகங்களை அடுக்கிவிட்டார்கள். நாடகத்தன்று சிறகு மின்னவில்லை. அப்போது மட்டும் என் பெயர் எல்லோருக்கும் ஞாபகம் வந்தது.

மடிப்பில் கம்பி ஒடிந்திருந்தது. ஒட்டுப்போட நேரமில்லை. டீச்சர் என்னைச் சம்மனசின் முதுகுக்குப் பின்னால் குந்தவைத்துக் கறுப்புத் துணியால் மூடினார். இரண்டு முனைகளையும் பல்லால் சுரண்டி, விரல்களை மட்டும் வெளியே நீட்டிச் சேர்த்துப் பிடித்தேன். சிறகு மின்னியது. ஊரே கைதட்டியது. யாருக்கு? சும்மா நின்ற ஒருத்திக்கு! பிடியை விட்டுவிடலாமா என்று ஒவ்வொரு வசனத்துக்கும் தோன்றியது. விடவில்லை. அது என் சிறகு அல்லவா.

துணியின் ஓரத்தை நீக்கிப் பார்த்தேன். முன்னால் பாயில் இருந்த அம்மை அழுதுகொண்டிருந்தாள். கல்யாண நெட்டு பாழாகிவிட்டதே என்றுதான் அழுகிறாள் என்று நினைத்தேன்.

"அழாதம்மா. கம்பியெல்லாம் உருவிட்டு உனக்க நெட்டத் திருப்பித் தாறேன்" என்றேன் வீட்டுக்கு வந்ததும்.

"நெட்டு கெடக்கட்டும்" என்றவள், என் கையை இழுத்து வெளிச்சத்தில் பிடித்து, அந்த இரண்டு விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாடகம் முழுக்க அவள் பார்த்தது அவற்றை மட்டும்தான் என்று அப்போது எனக்குத் தெரியாது.

"கீறல் ஒண்ணும் இல்லம்மா" என்று கையை உருவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்துவிட்டேன்.