அரணைக்கு ஏது கழுத்து?

கடைத்தெருவில் இன்று காய்ந்த ஆவாரம்பூ மூட்டையை அவிழ்த்தார்கள். அந்த வாசத்தில், அனுமந்தன்பட்டிக்கு வெளியே எங்கள் ஆடுகள் மேய்ந்த பொட்டல் நினைவுக்கு வந்தது. பெரியாற்றுத் தண்ணீர் வந்தபின் அங்கே முழங்கால் சேற்றில் நாற்று நடுகிறார்கள். என் சிறுவயதில் அது கல்லும் ஆவாரஞ்செடியும் வெயிலும் மட்டுமே. என் அக்கா அந்தோணியம்மாள் அங்கே கல்லோடு கல்லாக உட்கார்ந்து, விரல் நீள ஓணான்கள் பாறையில் ஏறித் தொண்டையில் நீலமும் கறுப்பும் சிவப்புமாக விசிறி விரிப்பதையும், மினுமினுக்கும் அரணைகள் சருகுக்குள் வழுக்கிப் போவதையும் நாள் முழுதும் பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஒருநாள் கல்லிடுக்கில் கைவிட்ட என்னை ஏதோ கடித்துவிட்டு ஓடியது. "அரணை!" என்று அலறினேன். அரணை கடித்தால் மரணம் என்பது எங்களூரில் வேதவாக்கு. என்னைப் பாயில் கிடத்தினார்கள், அம்மா அழுதாள், சாவுச் செபம் சொல்லக் கோயில் உபதேசியார் புத்தகத்தோடு வந்துவிட்டார்.

அக்கா கூட்டத்தை விலக்கிக் குனிந்தாள். "ஏலே, ஓடுனதுக்குக் கழுத்து இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"மேலு மினுங்குச்சா, சொரசொரன்னு இருந்துச்சா?"

"சொரசொரன்னு."

"அரணைக்கு ஏதுடா கழுத்து? கடிச்சது ஓணான். ஆத்தா, அழுததெல்லாம் போதும். உபதேசியார் வெயில்ல வந்திருக்காக, அவுகளுக்கு மோர் குடு."

உபதேசியார் மோரைக் குடித்தார். ஆனாலும் பொழுது சாயும்வரை என் மூச்சைப் பார்த்தபடி, புத்தகத்தை மூடாமலே உட்கார்ந்திருந்தார். அக்கா எப்போதோ பொட்டலுக்குத் திரும்பிப் போயிருந்தாள்.