மலையாளம் வராதவன்

முதலில் வந்தது இரைச்சல்தான். குக்கர் விசிலடிக்கும் முன் சீறுமே, அந்தச் சத்தம் இரண்டு காதுக்குள்ளும் ஓயாமல் கேட்டது. தொண்ணூறுகளின் கடைசி அது. திருவனந்தபுரம் சாலை பஜாரில் ஜவுளிக்கடை விற்பனையாளன் நான். தெருச் சத்தம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு வாடிக்கையாளர்கள் பேசுவது பிடிபடாமல் போனது. அதற்கு நான் கண்டுபிடித்த சாக்கை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது. "மலையாளம் சரியா வராதுங்க" என்பேன். திருநெல்வேலிக்காரன் சொன்னால் யாரும் நம்புவார்கள். பதினாறு வருடமாக இந்த ஊரில் மலையாளத்திலேயே சண்டை போடுகிறவன் நான்! சொல்லிச் சொல்லி நானே நம்பிவிட்டேன்.

கடை முதலாளியும் எங்கள் ஊர்தான். ஒருநாள், "கவுண்டர் வேண்டாம்வே, குடோனுக்குப் போயிரும்" என்றார். ஆள் முகம் பார்த்துத் துணி விரிப்பதைத் தவிர எனக்கு வேறு என்ன தெரியும்? பயந்துபோய் மனைவி செல்வியோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

சத்தம் புகாத சிறிய அறை. பரிசோதனை செய்த பெண் சொல்லும் சொற்களை நான் திருப்பிச் சொல்ல வேண்டும். பாதிக்கு மேல் தப்பு. "எனக்கு மலையாளம் வராது மேடம்" என்றேன். அவர் சலிக்காமல் தமிழ்ச் சொற்கள் உள்ள தாளை எடுத்தார். அதிலும் அதே கதைதான்.

"தமிழும் தெரியாதோ உங்களுக்கு?" என்று செல்வி சிரித்தாள். சிரித்தவள் அப்படியே அழுதுவிட்டாள். வீட்டில் அவள் பேச்சை வேண்டுமென்றே காதில் வாங்காமல் இருக்கிறேன் என்று இத்தனை நாள் நினைத்திருந்தாளாம்.

தமிழ் பேசத் தெரிந்த மலையாளி டாக்டர் ஆடியோகிராமைக் (எந்த ஒலி எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் வரைபடம்) காட்டினார்.

"ஆபரேஷன் பண்ணினா சரியாகுமா டாக்டர்?"

"செவிப்பறையில ஓட்டைன்னா பண்ணலாம். இது உட்செவி நரம்புக் கேடு, ஆபரேஷன் பலிக்காது. காதுல மிஷின் வைக்கணும். இரைச்சல் முழுக்கப் போகாது, வெளிச்சத்தம் கேட்டா அது பின்னால போயிடும், கேட்டோ."

மிஷின் மாட்டினால் ஊருக்கே தெரிந்துவிடுமே என்று இழுத்தேன். "அப்போ குடோன்ல துணியோட பேசப் போறியளா?" என்றாள் செல்வி.

மிஷின் மாட்டிய முதல் வாரம் துணி கிழிக்கும் சத்தத்தில் பல் கூசியது. உங்களுக்கும் மிஷின் எழுதிக்கொடுத்தால் அந்த வாரத்தில் கழற்றி எறிந்துவிடாதீர்கள். வீட்டில் அதைக் கழற்றியதும் இரைச்சல் திரும்பி வரும், ஃபேனைப் போட்டுக்கொள்வேன். எப்போது நிற்கும் என்று முன்பு மணி பார்ப்பேன். இப்போது பார்ப்பதில்லை.

முதலாளி ஒரு வாரம் கவுண்டரில் நின்று பார்க்கச் சொன்னார். முதலில் வந்த அம்மா மலையாளத்தில் படபடவென்று ஏதோ கேட்டார். பாதிதான் விளங்கியது. பழைய சாக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கினேன்.

"சேச்சீ, எனிக்கு கேள்வி கொறவாணு. பதுக்கெ பறயாமோ?" காது மந்தம், மெதுவாகச் சொல்லுங்கள் என்று நல்ல மலையாளத்திலேயே கேட்டுவிட்டேன். அப்பாடா! அவர் மெதுவாகச் சொன்னார். நாலு புடவை எடுத்துக்கொண்டு போனார்.

எனக்குப் பின்னால் கல்லாவில் இருந்த முதலாளி, "குடோனுக்கு வேற ஆள் பாத்துக்கிடுதேன்வே" என்றார்.

ஒரே தடவையில் கேட்டது எனக்கு.